இரண்டாம் தவணையை மறக்க வேண்டாம்



மழைக்காலம் வந்தால் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் தேடி அப்புறப்படுத்துகிறோம். டெங்கு கற்றுத்தந்த நல்ல பழக்கம் அது. ஆனால் வீட்டை எத்தனை சுத்தமாக வைத்தாலும் கட்டுப்படாத கொசு ஒன்று ஊருக்கு வெளியே நெல்வயலில் வளர்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அது.

நடவு முடிந்து பயிர் பச்சைபிடிக்கும் நாட்களில் வயலில் குனிந்து பாருங்கள். தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதே வயலில் இரைதேடும் கொக்குகளின் உடலில் இந்த நோயின் வைரஸ் தங்கியிருக்கிறது. கொசு வழியே பன்றிக்குப் போய் அங்கே ஏராளமாகப் பெருகுகிறது. பிறகு அந்தி சாய்ந்ததும் கடிக்க வரும் கொசு அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றாது. நோய்கண்ட பிள்ளையின் வீட்டை யாரும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் வேலூர்ப் பகுதியில்தான், 1955-ல். 2005-ல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

வைரஸ் தொற்றிய பலருக்கு எந்தத் தொந்தரவும் இராது. சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் அது மூளையைத் தாக்கும். தாக்கிவிட்டால் கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல் என்று நிலைமை வேகமாக மோசமாகும். இப்படி நோய் முற்றியவர்களில் 30 சதவீதம் வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு வாழ்நாள் முழுதும் பாதிப்பு நீடிக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை; சோற்றைப் பிசைய விரல்கள் மடங்குவதில்லை. இந்த வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கட்டுப்படுத்தி உயிரைக் காக்கத்தான் மருத்துவர்கள் போராடுகிறார்கள்.

மருந்தில்லாத இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். 1980-களில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் இந்நோய் பரவியபோது, இலங்கை 1988-ல் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கி நோயை வெகுவாகக் குறைத்தது. இந்தியாவில் 2006 முதல், நோய் காணப்படும் மாவட்டங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் அதில் அடங்கும். முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முதல் ஊசி தட்டம்மைத் தடுப்பூசியோடு சேர்ந்து வருவதால் அம்மாக்கள் மறப்பதில்லை. ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று இரண்டாவதைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

விவசாய வாசகர்களுக்கு ஒரு சொல். வயலில் எந்நேரமும் தண்ணீரைக் கட்டி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் கொசுப்புழுக்கள் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். பன்றிக் கொட்டில் குடியிருப்பை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். மாலையில் பிள்ளைகளுக்குக் கை கால் மூடிய உடையும், இரவில் கொசுவலையும் அவசியம்.

காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ வந்தால் மந்திரிக்கவும் கைவைத்தியத்துக்கும் நேரத்தைச் செலவிடாதீர்கள். நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இன்றே உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் தவணைக் கட்டம் காலியாக இருந்தால், கிராமச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்