மாவட்டக் கோட்டா யாருக்கு?



உயர்தரப் பெறுபேறு வந்ததும் "எங்க ஊருக்கு இத்தனை மெடிசின்" என்று போஸ்டர் போடுகிறோம். அதில் எத்தனை பிள்ளைகள் நம்மட வகுப்பறையில் இருந்து படித்தவர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். புத்தளம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் தவிக்கிற பிள்ளைக்குத் தந்த சலுகை அது. ஆனால் நடப்பது என்ன? கொழும்பில் வீடு, கொழும்பில் டியூஷன், இங்கே பதிவேட்டில் பெயர் மட்டும். வராத பிள்ளைக்கு வரவு போடச் சொல்லி எங்களிடமே வருகிறார்கள். சிபாரிசுக்குக் கூட வருபவர், சில நேரம், பள்ளிவாசல் நிர்வாகி!

வெளிமாவட்டப் பிள்ளைகள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த பிள்ளைகளும் வெளிமாவட்டம்தான். அவர்கள் இங்கே ஓலைக் கொட்டிலில் இருந்து படித்தார்கள். அந்த உரிமையை யாரும் மறுக்க முடியாது.

"சட்டப்படிதானே அட்மிஷன் எடுத்தோம்" என்பீர்கள். பொய் வரவு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அது பொய்ச் சாட்சி. அந்த ஒரு இடத்தால் வெட்டுப்புள்ளியில் தவறுகிறவள் கற்பிட்டியில் கடலுக்குப் போகிறவரின் மகள். திரும்ப எழுத அவளிடம் டியூஷன் காசு இல்லை.

உங்கள் பிள்ளையைத் தாராளமாகச் சேருங்கள். காலை 7.30 க்கு வகுப்பில் இருக்கட்டும். இல்லாத பிள்ளைக்கு நாங்கள் வரவு போட மாட்டோம்.