அழிந்த நிலையங்களும் அழியக்கூடாத வரைபடங்களும்

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள குறிஞ்சிப்பிட்டிக்குப் புகையிரதம் வந்ததில்லை. ராகமையிற் பிரிந்து 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் தொட்ட இருப்புப்பாதை, 1926இல் புத்தளத்தை அடைந்தபோதும், களப்பின் மறுகரையோடு நின்றுகொண்டது. வண்டி ஏற விரும்பும் குறிஞ்சிப்பிட்டியார் பாலாவிக்கோ புத்தளத்துக்கோ செல்லவேண்டும். ஆயினும், பழைய புகையிரத நிலையங்களின் கட்டட வரைபடங்களைப் பேணவேண்டும் என்னும் பேச்சு இக்கரைக்கு அந்நியமானதன்று.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணச் சேவை நின்றது. தலைமன்னார்ப் பாதையும் ஓய்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்தனர். தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையக் கட்டடங்கள் இடிந்தன. இந்தியாவின் இர்கோன் நிறுவனத்தார் பாதையை மீள அமைத்தனர். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும், மார்ச்சிலே தலைமன்னாருக்கும் வண்டி திரும்பியது. பாதை மீண்டது, பழைய நிலையங்கள் மீண்டனவா? இக்கரையிற் பிறந்து வளர்ந்த தலைமுறை, தன் பெற்றோர் ஏறி இறங்கிய மேடைகளை எவ்வாறு அறியும்? முதியோரின் நினைவு ஒரு சான்று. அளவுகளோடு கூடிய வரைபடம் மற்றொரு சான்று. அதற்கு மறதி இல்லை.

வரைபடம் கட்டுவோருக்கு மட்டும் உரியது என்று எண்ணுதல் தவறு. கிடைப்படத்தை விரித்தால் முதலாம் வகுப்பாருக்கும் மூன்றாம் வகுப்பாருக்கும் ஒதுக்கிய இடத்தின் ஏற்றத்தாழ்வு சதுர அடியிலேயே தெரியும். வெட்டுமுகம் சுவரின் கனத்தையும் கூரையின் சரிவையும், வெப்பநாட்டிலே காற்றுக்கு வழிவிட்ட முறையையும் காட்டும். ஆட்சியாளர் குடிமக்களை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இவற்றினும் நேரிய சாட்சி அரிது.

பம்பாய் விக்டோரியா நிலையத்தை வகுத்தவர் எப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ். பணி தொடங்கிய 1878ஆம் ஆண்டிலேயே அதன் நிறைவான தோற்றத்தை அக்செல் ஹேய்க் என்னும் ஓவியர் நீர்வர்ணத்தில் தீட்டிவிட்டார். அக்கட்டடம் 2004இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. சிற்றூர் நிலையங்களுக்கு அத்தகைய ஓவியர் வாய்ப்பதில்லை. பொறியியலாளரின் துணிப்படங்களும் நீலப்படங்களுமே அவற்றின் சாசனம். அவையோ மெலியவை. பசையிட்ட துணி ஈரத்தாற் கெடும். நீலப்படம் வெளிச்சத்தில் மங்கும். கறையானுக்கு இரண்டும் ஒன்றே.

கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் தம் இலங்கைக் கோட்டைகளுக்கு வரைந்த படங்கள் ஹேக் நகரத்துத் தேசியச் சுவடிக்கூடத்தில் இன்றும் பேணப்படுகின்றன. முந்நூறு ஆண்டுக்கு முந்திய மதிலை ஆராய்வோனுக்கு ஒரு வாயில் திறந்திருக்கின்றது. 2026இல் நூறாண்டு காணும் புத்தளப் பாதையின் நிலையங்களை ஆராய விரும்பும் மாணவனுக்கும் அத்தகைய வாயில் வேண்டாமா?

புகையிரதத் திணைக்களமும் தேசிய சுவடிகள் திணைக்களமும் கூடி, எஞ்சியுள்ள நிலைய வரைபடங்கள் அனைத்துக்கும் ஓர் அட்டவணை வெளியிடவேண்டும். படியெடுத்துப் பொது நூலகங்களுக்கு வழங்கவேண்டும். 2014இற் கடுகண்ணாவையில் அமைந்த புகையிரத அருங்காட்சியகத்தில் இயந்திரங்களுக்கு இடம் கிடைத்தது, வரைபடங்களுக்கும் கிடைக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. பாலாவி, புத்தளம், சிலாபம் ஆகிய நிலையங்களுக்கு மாணவரை அழைத்துச் சென்று, உரிய அனுமதியுடன், அளவுநாடா பிடித்து அளந்து வரையச் செய்யலாம். கட்டடம் இடிந்தாற் படத்தைக்கொண்டு மீளக் கட்டலாம். படமும் இல்லையெனில் வெறும் ஊகமே எஞ்சும். ஒருமுறை இழந்து கண்ட நாடு நம்முடையது. இருப்பவற்றையேனும் இன்றே வரைந்து வைப்போம்.