போலீஸ் நாவல்களின் கவர்ச்சி

துப்பறியும் நாவல் படிப்பது வீண்பொழுது போக்கும் பழக்கம் என்று பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்கள் பலர் கருதுகின்றனர். எல்லாத் துப்பறியும் நாவல்களையும் ஒரே தராசிலிட்டு இவ்வாறு தீர்ப்புக் கூறுவது சரியன்று என்பது நமது அபிப்பிராயம். போலீஸ் இலாகாவின் அன்றாட வேலையையே கதையாகச் சொல்லும் நாவல்கள் சில உண்டு. அவை, சர்க்காரின் அதிகாரம் உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பிரஜையின் கண்முன் திறந்து வைக்கின்றன.

பழைய துப்பறியும் கதைகளை நாம் அறிவோம். 1887-ல் தோன்றிய ஷெர்லாக் ஹோம்ஸின் வழிவந்தவர்களே அவற்றின் நாயகர்கள். ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய நாவல்கள் வாயிலாகத் தமிழ் வாசகர்களும் இவ்வகையில் ருசி கண்டனர். போலீஸார் திகைத்து நிற்க, மதிநுட்பமுள்ள தனி மனிதன் ஒருவன் மர்மத்தை விடுவிப்பான். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் இந்நிலை மாறிற்று. அமெரிக்க எழுத்தாளர் எட் மெக்பெய்ன், 1956 முதல், ஒரு போலீஸ் ஸ்டேஷன் முழுவதையுமே கதாநாயகனாக்கி 50-க்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஆயினும், இவ்வகை நாவலுக்கு அரசியல் கண்ணைத் திறந்துவிட்டவர்கள் ஸ்வீடன் தேசத்து மாய் ஷோவால் அம்மையாரும் அவருடைய வாழ்க்கைத் துணைவர் பெர் வாலோவுமே.

இருவரும் பத்திரிகைத் தொழிலில் பழகியவர்கள். மார்க்ஸியக் கொள்கையில் பற்றுடையவர்கள். வாலோ, பிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து 1957-ல் வெளியேற்றப்பட்டவர். குழந்தைகள் உறங்கிய பின் இரவில் அத்தியாயங்களை மாறி மாறி எழுதி, 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை முடித்தனர். பத்துக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தின் கதை' என்று பொதுப்பெயர் சூட்டினர். தொழிலாளரின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் அவர்களைக் கைவிட்டதே அந்தக் குற்றம் என்பது அவ்விருவரின் கருத்து.

முதல் நாவலான 'ரோஸன்னா'வை எடுத்துக் கொள்வோம். யோட்டா கால்வாயில் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் பிரேதம் அகப்படுகிறது. அவள் பெயரைக் கண்டுபிடிப்பதற்கே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. மார்ட்டின் பெக் என்னும் அதிகாரி எவ்வித அற்புதமும் செய்வதில்லை. கடிதம் எழுதுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். கப்பலில் சென்ற பிரயாணிகள் எடுத்த படங்களைப் பல இடங்களிலிருந்து வரவழைத்துப் பார்க்கிறார். பலர் சேர்ந்து பொறுமையாகச் செய்த வேலையின் பலனாகவே உண்மை வெளிப்படுகிறது.

இந்நாவல்களின் கவர்ச்சிக்கு முதற் காரணம் இதுவே. ஆலையிலும் ஆபீஸிலும் சங்கத்திலும் உழைக்கும் மனிதன், தன்னைப் போலவே அலுப்பும் தலைவலியும் மேலதிகாரியின் தொல்லையும் உள்ள உழைப்பாளிகளை அங்கே காண்கிறான். உழைப்பு வீண்போவதில்லை என்ற ஆறுதலும் பெறுகிறான். மற்றொரு பயன் இதனினும் பெரிது. சந்தேகம் வேறு, ருஜு வேறு என்ற பாடம் அவன் மனத்தில் பதிகிறது. குற்றவாளியைத் தெருவிலேயே தண்டிக்க வேண்டும் என்று கூச்சலிடும் கூட்டத்தில் இப்பாடம் கற்றவன் எளிதில் சேரமாட்டான்.

ஆனால் இக்கவர்ச்சியில் ஓர் அபாயமும் உண்டு. கதை முழுவதும் போலீஸ்காரனின் தோளருகே நின்று பார்க்கும் வாசகன், நாளடைவில் அவன் கண்களாலேயே உலகைப் பார்க்கத் தொடங்குகிறான். சட்டம் ஓர் இடைஞ்சல் என்றும், கைதியை அடித்தாலன்றி உண்மை வராது என்றும் நம்பிவிடுகிறான். இத்தகைய நம்பிக்கையை ஊட்டும் நாவல்களுக்கும் சினிமாக்களுக்கும் குறைவில்லை. பொழுதுபோக்கு என்ற பெயரால் அவை செய்யும் தீங்கு சாமானியமானதன்று. லாக்கப்பில் ஒருவன் இறந்தான் என்ற செய்தியைப் படித்துவிட்டு, 'அவன் என்ன யோக்கியனா?' என்று கேட்கும் மனோபாவத்தை வளர்ப்பவை அவையே.

ஷோவாலும் வாலோவும் இவ்வபாயத்தை அறிந்தவர்கள். 1971-ல் வெளிவந்த அவர்களுடைய ஏழாவது நாவலில், கொடுமைக்குப் பேர்போன ஒரு போலீஸ் அதிகாரி ஆஸ்பத்திரியில் கொலையுண்கிறார். அவர்மீது பிரஜைகள் எழுதிய புகார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியானதைப் பெக்கின் சகாக்கள் பழைய காகிதங்களில் காண்கின்றனர். நீரிழிவு நோயால் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் குடிவெறி கொண்டவள் என்று எண்ணிப் போலீஸார் சிறையறையில் போட்டார்கள். அவள் அங்கேயே இறந்தாள். கொலையின் வேர் அங்கே இருக்கிறது. பிரஜைகளின் முறையீட்டை விசாரிக்க 1809-லேயே தனி அதிகாரியை ஏற்படுத்திய தேசம் ஸ்வீடன். அங்கேயும் முறையீடு காகிதத்தோடு நின்றுபோகலாம் என்பதை வாசகனுக்குப் போலீஸ் கதையே சொல்கிறது!

பத்தாவது நாவலில் ஓர் ஏழை யுவதி பிரதம மந்திரியைச் சுட்டுக் கொல்கிறாள். அது 1975-ல் எழுதிய கற்பனை. 1986-ல் பிரதம மந்திரி ஓலோப் பால்மே ஸ்டாக்ஹோம் வீதியில் மெய்யாகவே சுடப்பட்டு இறந்தார். கீழ்க் கோர்ட்டு ஒருவருக்கு விதித்த தண்டனையை மேல் கோர்ட்டு 1989-ல் ரத்து செய்தது. 2020-ல் விசாரணையே முடிக்கப்பட்டது. தேசமே துடித்த வழக்கிலும், போதிய ருஜு இல்லையென்று ஒருவரை விடுதலை செய்யும் துணிவு நீதிமன்றத்திற்கு இருந்தது. அது தோல்வியன்று, நாகரிகத்தின் அடையாளம் என்றே நாம் சொல்வோம்.

ஆகவே இந்நாவல்களை ஒதுக்க வேண்டியதில்லை. படிக்கும்போது இரண்டு கேள்விகளை மட்டும் மறவாதிருப்போம். இதில் வரும் அதிகாரியைத் தட்டிக் கேட்பவர் யார்? பிடிபட்ட மனிதன் நிரபராதியாயிருந்தால் அவன் கதி என்ன? இவ்விரண்டுக்கும் இடமளிக்கும் நாவல், எந்த அரசியல் நூலுக்கும் குறைந்ததன்று. இடமளிக்காத நாவல் எவ்வளவு விறுவிறுப்பாயிருந்தாலும், நம்மை அறியாமலே நம் உரிமையைப் பறிகொடுக்கப் பழக்குகிறது.