தேன்மெழுகும் தோட்டாவும்

சென்ற வாரம் காந்தலில் ஒரு கடையில் தேன்மெழுகுக் கட்டிகளைப் பார்த்தேன். குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் ஏணி கட்டித் தொங்கி எடுக்கிற மெழுகு. "எதற்கு உதவும், ஐயா?" என்றேன். "தையல் நூலுக்கு, மரச் சாமானுக்கு... அந்தக் காலத்தில் துப்பாக்கிக் குண்டுக்கும்!" என்றார் கடைக்காரர்.

உண்மைதான், நேயர்களே! ஈயம் மென்மையான உலோகம். மசகு இல்லாவிட்டால் ஈயமும் மருந்துக் கரியும் துப்பாக்கிக் குழலில் படியும், குறி தவறும். 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தில் மசகு தடவியிருந்தது. அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சுப் பரவியது, சிப்பாய்கள் கொதித்தார்கள்.

"மசகில்லாத தோட்டா தருகிறோம், பிடித்ததை நீங்களே தடவிக்கொள்ளுங்கள்" என்று கம்பெனி சர்க்கார் ஜனவரியிலேயே இறங்கி வந்தது. தேன்மெழுகும் எண்ணெயும் போதுமே! ஆனால் அதற்குள் காகிதத்தின் பளபளப்பின் மீதே சந்தேகம் விழுந்துவிட்டது. போன நம்பிக்கையை எந்த மெழுகால் ஒட்டுவது? மே மாதம் மீரட் பற்றி எரிந்தது.

நானும் ஒரு கட்டி வாங்கினேன். பயப்படாதீர்கள், வீட்டு மேஜை இழுப்பறை சிக்குகிறது, அதற்குத்தான்!