மூர் என்றால் மொரோக்கோவா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவங்க ஆறுதலாக வாசிங்க. வாசிக்காமல் கமெண்ட் மட்டும் போடாதீங்க.

நாலு நாளாக எங்கட வட்ஸ்அப் குறூப்களில் ஒரு ஸ்கிரீன்ஷொட் சுற்றித் திரிகிறது. யாரோ ஒருத்தர் முகநூலில் எழுதியிருக்கிறார்: முஸ்லிம்களுடைய பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'மூர்' என்று இருக்கிறதாம், மூர் என்றால் மொரோக்கோக்காரனாம், மொரோக்கோக்காரனுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன மீள்குடியேற்றமாம். எழுதியவர் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. அப்படி எழுத எப்பவும் ஒருத்தர் இருப்பார். எனக்குக் கோபம் அதற்குக் கீழே போய்ப் பதில் எழுதிய எங்கட தம்பிமார் மீதுதான். "ஓம், நாங்க அரபு வம்சம், ஸ்பெயினை எண்ணூறு வருஷம் ஆண்ட பரம்பரை" என்று எழுதி, பக்கத்தில் வாள் படம் வேற. ஒருத்தன் உங்களை உங்கட வீட்டிலிருந்து இறங்கச் சொல்கிறான். நீங்க அவனுக்கு "எனக்கு வேற ஊரில் மாளிகை இருக்கு" என்று பதில் சொல்றீங்க. அவனுக்கு வேண்டியதே அதுதானே?

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். ஆகவே முதலில் சொல்லைப் பார்ப்போம்.

ஆங்கில அகராதியில் 'மூர்' என்று ஒரே எழுத்தில் மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று, மரமில்லாத ஈரமான புதர்க்காட்டு நிலம். அது ஆங்கிலேயரின் பழைய சொந்தச் சொல். இரண்டாவது, கப்பலைக் கரையில் கயிறு போட்டுக் கட்டுவது. அது டச்சு மொழிச் சொல்லுக்கு உறவு. எங்கட பெரியவங்க சிலபேர், "நாங்க கப்பலில் வந்து கட்டினவங்க, அதனாலதான் மூர்" என்று விளக்கம் சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பிழை. இந்த இரண்டு சொல்லுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவதுதான் எங்கட தலையில் விழுந்த சொல். ஆபிரிக்காவின் வடமேற்குக் கரையில், இன்றைய மொரோக்கோவின் வடபகுதியும் அல்ஜீரியாவின் ஒரு பகுதியும் சேர்ந்த நிலத்தை உரோமர் மௌரித்தானியா என்றார்கள். அங்கே இருந்தவன் மௌருஸ். அதுவரைக்கும் அது இடத்தின் பெயர்தான், இஸ்லாம் அப்போது உலகத்தில் அறிமுகமாகவே இல்லை. பிறகு 711இல் அந்தக் கரையிலிருந்து முஸ்லிம் படை ஸ்பெயினுக்குக் கடந்தது. 1492இல் கிரனாடா வீழும்வரை அந்த மண்ணில் முஸ்லிம் ஆட்சி ஏதோ ஒரு மூலையிலாவது இருந்தது. இந்த இடைக்காலத்தில்தான் சொல்லின் பொருள் மாறியது. ஸ்பானியருக்கு 'மோரோ', போர்த்துக்கேயருக்கு 'மூரோ' என்றால் முஸ்லிம். எந்த நாட்டு முஸ்லிம் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்தவங்களுக்கு ஒதெல்லோவை ஞாபகம் இருக்கும். வெனிஸ் நகரத்து மூர். அங்கே அந்தச் சொல்லுக்குக் கறுப்பன் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அதே கண்ணோடுதான் போர்த்துக்கேயர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கும் 1505இல் இலங்கைக்கும் வந்தார்கள். கரையில் தொப்பி போட்டு வியாபாரம் செய்தவனைக் கண்டதும் "இவன் மூரோ" என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் பதிந்தது எங்கட மார்க்கத்தை. ஊரை விசாரித்து எழுதவில்லை. ஒல்லாந்தர் அந்தச் சொல்லை அவர்களிடமிருந்து எடுத்தார்கள், ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்து குடிசன மதிப்பீட்டில் ஒரு நிரலாக்கினார்கள். இன்றைக்கும் அந்த நிரல் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்க. ஸ்பானியர் பிலிப்பைன்ஸுக்குப் போனார்கள். மிந்தனாவோவில் முஸ்லிம்களைக் கண்டார்கள். மொரோக்கோவிலிருந்து உலகத்தின் மறுபக்கம் அது. ஆனாலும் அங்கேயும் அதே பெயர்தான் வைத்தார்கள், 'மோரோ' என்று. அந்த மக்கள் பிறகு அந்தச் சொல்லையே தங்கட கொடியாக்கி, 2019இல் பங்சமோரோ என்ற தன்னாட்சிப் பிரதேசத்தையும் பெற்றார்கள். அவர்களை மொரோக்கோவுக்குப் போகச் சொல்ல எந்த அறிவுள்ளவனுக்கும் வாய் வராது.

(இடையில் ஒரு பகிடி. மொறிஸ் என்ற பெயரும் இதே மௌருஸிலிருந்து வந்ததுதான். யாழ்ப்பாணத்தில் எத்தனை கத்தோலிக்க மொறிஸ்மார் இருக்கிறார்கள்? அவர்களையும் கப்பலில் ஏற்றுவோமா?)

சரி, பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டு மொழியையும் வாசிப்போம். தமிழில் 'இலங்கைச் சோனகர்'. சிங்களத்தில் 'யோனக'. இவை இரண்டும் யவனர் என்ற பழைய சொல்லின் வழி வந்தவை என்றுதான் மொழி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். யவனர் என்றால் ஆதியில் யார்? அயோனியாக் கரைக் கிரேக்கர். சங்கப் பாட்டுகளில் வருகிற யவனர் மேற்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள். பிற்காலத்தில் அதே திசையிலிருந்து அரபிகள் வந்தபோது அந்தப் பெயர் அவர்களுக்குப் போனது. ஆக, ஒரே கடதாசியில் ஆங்கிலப்படி நான் மொரோக்கோக்காரன், தமிழ்ப்படியும் சிங்களப்படியும் கிரேக்கன். எந்த நாட்டுக்கு விசா எடுப்பது என்று அந்த முகநூல்காரர் சொல்லட்டும்.

அவருக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இதை அவர் கவனமாக வாசிக்க வேண்டும். தேசவழமைச் சட்டம் தெரியும்தானே? ஒல்லாந்தர் 1707 அளவில் எழுதித் தொகுத்தது. ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக்கினார்கள். இன்றும் வடக்கில் காணி வழக்குகளில் அது பேசப்படுகிறது. அந்தச் சட்டம் யாருக்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது தெரியுமா? யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்' குடிகளுக்கு. மலபார் என்றால் கேரளக் கரை. ஐரோப்பியன் தமிழரைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை வைத்து யாழ்ப்பாணத் தமிழரைக் கேரளாவுக்குப் போகச் சொன்னால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! நான் அப்படிச் சொல்ல மாட்டேன், சொல்கிறவனோடு சண்டை பிடிப்பேன். அதே நீதியைத்தான் எனக்கும் கேட்கிறேன்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் சட்டசபையிலும் பிறகு 1888இல் வெளிவந்த கட்டுரையிலும் சோனகர் இனத்தால் தமிழரே, மதம் மாறியவர்கள் என்று வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுதினார், எங்கட மூதாதையர் அரபிகள் என்று. இருவரும் படித்தவர்கள், இருவரையும் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு உண்மையில் மேசையில் கிடந்தது சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி. 1889இல் அந்த ஆசனம் கிடைத்தும் விட்டது. ஆசனக் கணக்கு முடிந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் வம்சக் கணக்கை மட்டும் நாங்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

என்னுடைய எண்ணம் இதுதான். வந்தவர்களில் அரபிகளும் இருந்தார்கள், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், இங்கேயே இஸ்லாத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். வந்தவர்கள் மணம் முடித்தது இங்கே. பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியது தமிழில். எனக்கு என் உம்மம்மாவின் உம்மம்மா வரைக்கும்தான் பெயர் தெரியும், அதற்கு மேலே ஸ்பெயின் ராஜாவைக் கொண்டுவந்து ஒட்டிவைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30 அன்று நான் உம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது யாரும் அகராதியைத் திறந்து பார்க்கவில்லை. புத்தளத்தில் வளர்ந்தேன். அந்த மண் எங்களை ஏற்றுக்கொண்டது, அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்யட்டும். ஆனால் அங்கே எங்களை யாரும் மூர் என்றும் கூப்பிடவில்லை, அரபி என்றும் கூப்பிடவில்லை. 'யாழ்ப்பாணத்து அகதி' என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தால் பொடியன்மார் சிரிப்பார்கள், 'யாழ்ப்பாணத்துக் கதை' என்று. வீட்டில் கேட்ட தமிழை மாற்ற நான் எவ்வளவு முயன்றேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகும் அது நாக்கிலிருந்து போகவில்லை. இங்கே திரும்பி வந்த பிறகு ஒரு அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் படிவத்தைப் பார்த்துவிட்டு "நீங்க புத்தளம்தானே?" என்று கேட்டார். அங்கே யாழ்ப்பாணத்தான், இங்கே புத்தளத்தான். இப்போது மூன்றாவதாக மொரோக்கோவும் சேர்ந்திருக்கிறது.

1955இல் எம்.எம். சுல்தான் இந்த நகரத்தின் மேயராக இருந்தார். அவரைத் தெரிவு செய்த சபையில் பெரும்பான்மை யார்? தமிழர். அவர்களுக்கு அவர் ஊர்க்காரராகத்தான் தெரிந்திருக்கிறார்.

ஆகவே தம்பிமாரே, அந்த வாள் படங்களை இன்றைக்கே அழித்துவிடுங்க. பெருமைப்பட ஆசையென்றால் சோனகத்தெருவில் தையல் மிஷினுக்கும் இரும்புக்கடைக்கும் முன்னால் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்த உங்கட அப்பாமாரை எழுதுங்க. அவங்களைப் பற்றி எழுத இன்னும் ஒருத்தரும் இல்லை.

எங்கட வாப்பாவின் காணி உறுதி 1990இல் வழிச் சோதனையில் போய்விட்டது. போன வருஷம்தான் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தேன். நாலு பக்க எல்லையும் அதில் இருக்கிறது: வடக்கே ஒழுங்கை, கிழக்கே எங்கட பெரியவாப்பாவின் காணி, தெற்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் வளவு, மேற்கே பள்ளிவாசல் காணி. அந்தத் தமிழ்க் குடும்பத்து ஐயாதான் பழைய வேலி எதுவரை நின்றது என்று எனக்குக் கையால் காட்டித் தந்தவர்.

உறுதி தொலைந்து இன்னும் பிரதி எடுக்காதவங்க வீட்டில் பழைய வாக்காளர் இடாப்பு, வரிப் பற்றுச்சீட்டு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எதுவும் இருந்தால் முதலில் படம் எடுத்து வைங்க. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவங்க இன்பொக்ஸுக்கு வாங்க. சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.