இரணைமடுத் தண்ணீரும் எங்கட சாப்பாட்டு மேசையும்



போன மாதம் ட்வெய்ட்டாவில ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில யாழ்ப்பாணத்துத் தண்ணிக் கதை வந்தது. கிணறு உவராப் போச்சு, உரம் கலந்து போச்சு, சுன்னாகத்தில எண்ணெய். எல்லாம் உண்மை. பிறகு ஒரு மாமா சொன்னார்: "இரணைமடுவில அவ்வளவு தண்ணி கிடக்குது, கிளிநொச்சியார் தரமாட்டினமாம்." எல்லாரும் தலையாட்டினம். நானும் வாய் திறக்கேல்ல. அண்டைக்குச் சொல்லாததை இங்க எழுதுறன்.

2010 நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்துக்குக் கடன் அங்கீகரித்தது. இரணைமடுக் குளக்கட்டை உயர்த்தி, கூடுதலாகத் தேங்கும் நீரைக் குழாயில் குடாநாட்டுக்குக் கொண்டுபோவதுதான் யோசனை. திகதியைக் கவனியுங்கள். கிளிநொச்சி விழுந்தது 2009 ஜனவரியில். கடன் வந்த நேரம், அந்தக் குளத்தை நம்பி விதைக்கிற சனத்தில் கனபேர் முகாமிலிருந்து அப்பதான் திரும்பித் தறப்பாளுக்குக் கீழ இருந்தவை. சந்திக்குச் சந்தி ஆமி. அந்த நிலைமையில் நடக்கிற 'மக்கள் கலந்தாலோசனை'யில் ஆர் எழும்பி மாட்டன் எண்டு சொல்லுறது?

பிறகு சொன்னவை. கமக்காரர் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அவை கேட்டதைக் கொஞ்சம் ஆறுதலாகக் கேட்போம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் அது. காலபோகத்தில் ஏறக்குறைய 21,000 ஏக்கருக்குப் பாயும். சிறுபோகத்தில் அவ்வளவுக்கும் தண்ணி காணாது. குளத்தில எத்தனை அடி நிக்குது எண்டு பார்த்து, கூட்டம் வைத்து, எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் எண்டு ஒவ்வொரு வருசமும் முடிவெடுப்பினம். மிச்சக் காணி தரிசு. வான் பாயிற மாரியில் மட்டும்தான் இந்தக் குளத்தில் 'மேலதிக' தண்ணி. குழாய்க்கோ பன்னிரண்டு மாதமும் வேணும். மழை பொய்க்கிற வருசம் எதை மூடுவினம், வங்கிக் கடனில் போட்ட குழாயையா, வயலுக்குப் போற துருசையா? இதுக்கு நம்பக்கூடிய பதில் கமக்காரருக்குக் கிடைக்கேல்ல. இதை நாங்கள் 'தரமாட்டினமாம்' எண்டு சுருக்கிட்டம்.

2023 பெப்ரவரியில் ஃபோசன் காற்றாலைகளுக்கு எதிராக சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சு வாசலை மறித்தபோது உங்களில் எத்தனை பேர் அங்க நிண்டீர்கள்? பசுமை மின்சாரம் எல்லாருக்கும் நல்லது, அதுக்காக மான் மேய்க்கிறவையின்ர நிலத்தைக் கேக்காமல் எடுக்கேலாது எண்டு எங்களுக்கு ஒரு நொடியில விளங்கினது. இரணைமடு எண்டால் மட்டும் நாங்கள் அமைச்சின்ர குரலில் கதைக்கிறம். ஏனெண்டால் வன்னி எங்களுக்கு இப்பவும் குடாநாட்டின்ர கொல்லைப்புறம். தேசியம் கதைக்கேக்க வீரமண், தண்ணி கதைக்கேக்க வெறும் குளம்.

கமக்காரரைக் கோயிலாக்கவும் எனக்கு விருப்பமில்லை. இரணைமடுவுக்குக் கீழ காணி வைச்சிருக்கிறவை எல்லாரும் ஏழைகள் இல்லை. அந்த வயல்களில் கூலிக்கு இறங்குகிற மலையகத் தமிழரில் கனபேர், 1958, 1977 வன்முறைகளுக்குத் தப்பி வந்த குடும்பங்கள், வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிகளில் இருக்கினம். கோடையில் அவையின்ர கிணறும் வத்தும். அதேபோல யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணிக் கிணத்தில அள்ள விடாமல் சாதி பார்த்த ஊர்களும் உண்டு. அந்தச் சனத்துக்குக் குழாய்த்தண்ணி ஒரு விடுதலை. குழாயே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல.

கடைசியில் குடாநாட்டுக்கான தண்ணியைக் கடலில் எடுக்கிறதெண்டு மாத்தினார்கள். தாளையடியில் ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கமக்காரர் தப்பினார்கள், பயம் மருதங்கேணி மீனவருக்கு மாறினது. உப்புக் கழிவு தங்கட கடலுக்குள்ளதானே போகும் எண்டு அவையும் எதிர்த்தவை. எங்கட மேசையில அது கதையாகவே வரேல்ல.

குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கேணிகளும் உண்டு. மழைநீரைச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறக்கிக் கிணறுகளைக் காப்பாத்தினது அவைதான். கனக்கத் தூர்ந்து போச்சு, சிலதுக்கு மேல கட்டடம். அதில சிலது வெளிநாட்டுக் காசில எழும்பின வீடும் மண்டபமும். குழாய்க் கிணறு அடிக்க எங்கட குழுவுக்கு வாட்ஸ்அப்பில வாற வேண்டுகோள்களையும் யோசியுங்கோ. ஆழமா இறக்கி மோட்டர் போட்டு இழுக்க இழுக்க அடியில உவர் ஏறும், பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்து கெடும்.

வாற கூட்டத்தில நான் ஒரு பிரேரணை வைக்கிறன். தனி வீட்டுக் குழாய்க் கிணறுக்கு இனிக் காசு அனுப்பிறதில்லை. அந்தக் காசு ஊர்க்குளம் தூர்வாருறதுக்கு, அதுவும் குளத்தைச் சுத்தி இருக்கிற எல்லாச் சாதிச் சனமும் கூட்டத்தில இருந்து கேட்டால் மட்டும். எதிர்க்கிற ஆக்கள் வாங்கோ, நேர கதைப்பம். அந்த மாமாவையும் கூப்பிட்டிருக்கிறன்.