நம் வேலையில்லாக் கொடுமைக்கு ஆதாரம் எங்கே?



"நாற்பது கம்பெனிக்கு எழுதிப் போட்டான். ஒரு கம்பெனிகூட நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடவில்லை." இந்தப் பேச்சு கேட்காத தமிழர் வீடு நம் நாட்டில் உண்டா? திருமண வீட்டில் பேசுகிறோம், கோயில் வாசலில் பேசுகிறோம், தேர்தல் வந்தால் மேடையில் பேசுகிறார்கள். பேசியதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. ஏன்?

வழக்கறிஞர் என்ற முறையில் என் பதில் இதுதான். நம்மிடம் வலி இருக்கிறது, ஆதாரம் இல்லை. அமைச்சிடம் மனு கொடுத்தாலும் சரி, நீதிமன்றப் படி ஏறினாலும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு என்ன ஆதாரம்?"

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதி, அரசாங்க வேலை நியமனத்தில் இனத்தைக் காரணம் காட்டிக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அரசியலமைப்பே அனுமதிக்கும் விதிவிலக்குகள் தனி. தனியார் முதலாளியை அந்த விதி கட்டுப்படுத்தாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட 69எஃப் பிரிவு, 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வேலையில் பாகுபாடு என்று புகார் வந்தால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் உள்ள தகராற்றைத்தான். வேலையே கிடைக்காத நம் பிள்ளை இன்னும் 'தொழிலாளி' ஆகவில்லையே! அவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமானால் கையில் ஆய்வு வேண்டும். அது நம்மை எண்ணிய ஆய்வாகவும் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். லீ ஹ்வோக் அவுன், முகமட் அப்துல் காலிட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், உண்மையான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனைப் பெயர்களில் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு 2016இல் ஆய்விதழில் வெளிவந்தது. சீனப் பெயருக்கு வந்த அழைப்பைவிட மலாய்ப் பெயருக்கு வந்த அழைப்பு மிகக் குறைவு. நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் அதில் இந்தியப் பெயர் ஒன்றுகூட இல்லை. மலாய், சீனப் பெயர்களை மட்டும் ஒப்பிட அமைக்கப்பட்ட ஆய்வு அது. சென்ட்-ஜிபிஎஸ் என்ற ஆய்வு மையம் 2019இல் இதே முறையில் செய்தபோதுதான் இந்தியப் பெயரும் சேர்ந்தது. மலாய், இந்தியப் பெயர்கள் இரண்டுமே சீனப் பெயருக்கு வெகுவாகப் பின்தங்கின. கேள்வியில் நம் பெயரைச் சேர்த்த பிறகுதான் பதிலிலும் நம் பெயர் வந்தது.

அரசாங்கக் கணக்கையும் பாருங்கள். புள்ளிவிவரத் துறையின் தொழிலாளர் கணக்கெடுப்பில், குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்தாலே அவர் 'வேலையில் இருப்பவர்'. டிப்ளோமா படித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் உங்கள் மகன், அந்தக் கணக்கில் வேலையில்லாதவன் இல்லை. இது உலக நாடுகள் எல்லாம் பின்பற்றும் அளவுகோல். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பவர்களையும் துறை தனியாக எண்ணுகிறது. ஆனால் அவன் ஏன் அந்த வேலைக்குப் போனான், எத்தனை கதவு அடைபட்ட பிறகு போனான் என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்லத் தனி ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பணம் வேண்டும்.

பணம் இல்லாமல் இல்லை. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். அடிப்படை ஆய்வு மானியத்தில் சமூக அறிவியலுக்கும் இடம் உண்டு. ஒரு திட்டம் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடும். இதற்கு விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். நம் சங்கமோ கோயில் நிர்வாகமோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அதனால் நமக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது, யாரை எண்ணுவது என்பதெல்லாம் விண்ணப்பத் தாள் எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. மானியம் கிடைத்த பிறகு போய் "எங்களையும் சேருங்கள்" என்றால் நேரம் கடந்துவிட்டது.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை சில.

முதலாவது, விரிவுரையாளர்களை முன்கூட்டியே அணுகுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், பிள்ளைகள் பார்க்கும் ஒப்பந்த வேலை, சொக்சோவும் இ.பி.எஃப்பும் கட்டாத முதலாளிகள் என்று நம் வட்டாரத்தின் பிரச்சினையை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆள்களைத் திரட்டித் தருவதாக உங்கள் சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் அது விண்ணப்பத்துக்கும் பலம்.

இரண்டாவது, முதுகலை படிக்கும் நம் பிள்ளைகளை ஆய்வு உதவியாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். மானியத்தில் அதற்கென்றே சம்பள ஒதுக்கீடு உண்டு. லயத்தில் வளர்ந்த பிள்ளை கேட்கும் கேள்விக்கு உங்கள் அம்மா மனம் திறந்து பதில் சொல்வார்.

மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தால் மரியாதையோடு உட்கார வையுங்கள். ஆனால் கேளுங்கள்: பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? எங்கள் பெயர் வெளியே வருமா? முடிவைத் தமிழில் எங்களுக்குச் சொல்வீர்களா? விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

நான்காவது, கணக்கு. இது கசப்பான விஷயம். ஆய்வு மானியத்தில் ஒவ்வொரு செலவுக்கும் தனித் தலைப்பு உண்டு: உதவியாளர் சம்பளத்துக்கு 11000, பயணத்துக்கு 21000 என்று எண் போட்டிருப்பார்கள். பயணத்துக்குக் கொடுத்த பணத்தை அனுமதி இல்லாமல் விருந்துக்குச் செலவழிக்க முடியாது. நம் சங்கங்களுக்கு இந்தப் பழக்கம் வர வேண்டும். இந்தியர் மேம்பாட்டுக்கென மித்ரா கொடுத்த மானியங்கள் குறித்து 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தபோது எத்தனை தலைகுனிவு! யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் "இவர்களுக்குக் கொடுத்தாலும் இப்படித்தான்" என்ற ஏளனம் ஒரு காசுகூடத் தொடாத உங்கள் மீதும் என் மீதும் அல்லவா விழுந்தது?

1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஊர்ச் சங்கம் அனுப்பியதா? அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கேட்பது பகை அல்ல, உறுப்பினரின் உரிமை. கணக்குச் சரியாக இல்லாத சங்கத்தை எந்தப் பல்கலைக்கழகம் பங்காளியாக ஏற்கும்?

"ஆய்வு செய்தால் வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு ஆய்வு நாளைக்கே உங்கள் மகனுக்கு வேலை வாங்கித் தராது. ஆனால் வேலை தேடுபவரையும் காக்கும் சட்டத் திருத்தம் வேண்டும் என்று நாம் கேட்கும் நாளில், "உங்கள் கற்பனை" என்று யாரும் கையை உதறிவிட்டுப் போக முடியாது. நம் பாட்டனார்கள் வெட்டிய ரப்பர் மரத்துக்குக்கூடத் தோட்ட நிர்வாகம் கணக்கு வைத்திருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாமா?

புலம்பியது போதும். நம் கணக்கை நாமும் சேர்ந்து எழுதுவோம். எழுதும் கணக்கை நேர்மையாக எழுதுவோம்!